ஹோம்ஸ்டே பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால்

வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வெளிநாட்டிலிருந்து படிக்க வந்து ஒரு குடும்பத்தோடு பணம் கொடுத்துத் தங்கும் ஹோம்ஸ்டே மாணவர் யாரையாவது வைத்துக்கொள்ளலாமா என்று மெல்போர்னில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சாப்பாடு, வைஃபை, வாரப் பணம் பற்றித்தான் கேள்விகள் வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளையோடு எமர்ஜென்சியில் போய் உட்கார முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

நானும் கணவரும் தென்கிழக்குப் புறநகரில் பல வருடங்களாக மாணவர்களை வைத்திருக்கிறோம். வியட்நாம், சீனா, ஜப்பான், கம்போடியா என்று பல ஊர்ப் பிள்ளைகள். பெரும்பாலும் இயர் 10 முதல் 12 வரை படிக்கிறவர்கள், அதாவது பதினெட்டு நிரம்பாதவர்கள். வைத்தியம் சம்பந்தமாக அவர்களோடு இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை தட்டு போட்டு உட்கார்ந்துவிட்டால் அது நம் பிள்ளை. அந்தப் பாசம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத வீட்டில் எந்தப் பிள்ளையும் தனக்கு வயிறு வலிக்கிறது என்று வாய் திறக்காது. ஆனால் மருந்து, ஊசி, ஆபரேஷன் என்று வரும்போது நாம் தாய் தகப்பனும் இல்லை, சட்டப்படி கார்டியனும் இல்லை. முதலில் கவனிக்க வேண்டியவர், கூட்டிக்கொண்டு போக வேண்டியவர், கூடவே இருக்க வேண்டியவர், உரியவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியவர், இவ்வளவுதான் நாம். எந்த மருந்து, எந்த சிகிச்சை என்ற முடிவு நம்முடையது இல்லை. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

பெற்றோரோ நெருங்கிய உறவினரோ கூட இல்லாமல் ஆஸ்திரேலியாவுக்கு வரும் பதினெட்டுக்குட்பட்ட மாணவருக்கு, பெரும்பாலும் அவர் சேரும் பள்ளியே தங்குமிடத்துக்கும் நலனுக்கும் பொறுப்பேற்று விசாவுக்குக் கடிதம் கொடுக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதனால்தான் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், பிள்ளைகளோடு பழகத் தகுந்தவர்தானா என்று பார்க்கும் ‘வொர்க்கிங் வித் சில்ட்ரன்’ சோதனை கேட்கிறார்கள். சேரும்போதே பெற்றோர் ஒரு மருத்துவச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவசரத்தில் பள்ளி யாரைக் கேட்கலாம், எதற்குச் சம்மதிக்கலாம் என்பது அதில் இருக்கும். பிள்ளை வந்து இறங்கும் வாரமே அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளியின் இருபத்து நான்கு மணி நேர அவசர எண்ணையும் வாங்கி, பகலிலேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஹனோயிலிருந்து வந்த ஒரு பெண், இயர் 11. குளிர்காலம். சாயங்காலம் சாப்பாடு வேண்டாம் என்றாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள், பீரியட்ஸ் வலி மாதிரி இருக்கிறது என்றும் அவளே சொன்னாள். பதினொரு மணிக்கு மேல் வாந்தி. நடு ராத்திரிக்குப் பிறகு பார்த்தால் வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது, நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்பது அடுத்தது.

இந்த இரண்டு பயமும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துக்கூட அனுப்பியிருப்பார்கள். காய்ச்சல் என்று சொன்னால் பணம் செலவாகும், அம்மா அழுவாள், திரும்பி வா என்பார்கள் என்று பதினாறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டு வாயை மூடிக்கொள்கிறது. வந்த முதல் வாரத்திலேயே சாப்பாட்டு நேரத்தில் வைத்து, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டலாம், தூக்கம் கெட்டதே என்று யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். வலி வந்த பிறகு சொன்னால் அது சமாதானம் மாதிரிதான் கேட்கும்.

எமர்ஜென்சியில், யாருக்கு அவசரம் அதிகம் என்று முதலில் பார்த்துப் பிரிக்கும் ட்ரியாஜ் நர்ஸ் பார்த்த பிறகு, பதிவு செய்கிறவர் பாஸ்போர்ட்டும் இன்ஷூரன்ஸ் எண்ணும் கேட்டார். கார்டு அவள் ஃபோனில், ஆப்புக்குள் இருந்தது. ஃபோனில் சார்ஜ் உயிர் போகும் நிலை. நல்லவேளையாக என் ஃபோனில் ஒரு நகல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அனுமதி கேட்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், இன்ஷூரன்ஸ் கார்டு, அலர்ஜி விவரம் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வோம். பிள்ளை ஊர் திரும்பும் நாளில் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுவோம்.

உள்ளே கூட்டிப் போய் டாக்டர் விசாரிக்க ஆரம்பித்தார். என்ன கேட்டாலும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு “இல்லை” என்றாள். மருந்து ஏதாவது சாப்பிட்டாயா, இல்லை. மது, சிகரெட், இல்லை. நான் எழுந்து, வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வயிற்று வலி என்று வரும் பெண் பிள்ளையிடம் கர்ப்பம் உண்டா என்று டாக்டர்கள் கேட்டே ஆக வேண்டும். ஸ்கேனுக்கும் மயக்க மருந்துக்கும் அந்தப் பதில் தேவை. பக்கத்தில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? டாக்டர் போகச் சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே எழுந்து வெளியே வர வேண்டும். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று பிறகும் கேட்கக்கூடாது. நம் சமூகத்தில் இது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் நான் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

குடல்வால் அழற்சி, ஆபரேஷன் தேவை என்றார்கள். பதினெட்டு ஆகாவிட்டாலும், தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளை தானே சம்மதம் கொடுக்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். 1985-இல் இங்கிலாந்தில் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் சொன்னதை, 1992-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உயிருக்கு ஆபத்து என்றால் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆபரேஷன் என்றால் பெற்றோரிடம் பேசத்தான் டாக்டர்கள் விரும்புவார்கள். எங்களுக்கும் அப்படியே. பள்ளியின் அவசர எண்ணைக் கூப்பிட்டேன், வாய்ஸ்மெயிலுக்குப் போனது. மறுபடி, மறுபடி கூப்பிட்டு ஒருவழியாக ஆள் கிடைத்தார். பகலிலேயே எண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஹனோய் நேரம் எங்களைவிட மூன்று மணி பின்னால். அங்கும் நடு ராத்திரிதான். வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் இணைத்து, டாக்டர், பெற்றோர், பெண் எல்லோரும் பேசினார்கள். என் ஃபோனில் மொழிபெயர்ப்பு ஆப் இருந்தது, பெண்ணுக்கும் ஆங்கிலம் சுமாராக வரும். இரண்டையும் டாக்டர் ஏற்கவில்லை. அவர் செய்ததுதான் சரி. தன் ஆபரேஷனைப் பற்றித் தன் பெற்றோருக்குத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் பாரத்தை வலியில் துடிக்கும் பிள்ளை தலையில் வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

அப்பா கேட்டார், விமானத்தில் ஊருக்கு அனுப்பி அங்கேயே செய்துகொள்ளலாமா என்று. அம்மா கேட்டார், தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று. எனக்கு வாய் வரைக்கும் வந்தது, உடனே சரி சொல்லுங்கள் என்று. சொல்லவில்லை. டாக்டர் பொறுமையாக, குடல்வால் வெடித்தால் என்ன ஆகும், சிறு துளைகள் வழியாகச் செய்வது எப்படி என்று விளக்கினார். கால் மணி நேரத்தில் அவர்களே சரி என்றார்கள். நான் சொல்லி அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால், பிறகு ஏதாவது தவறிப்போனால் ஆயுசுக்கும் அந்தத் தாயின் கண்ணில் நான்தான் தெரிவேன்.

அவள் வீடு திரும்பிய அன்று அவள் அம்மா வீடியோவில் வந்து, அரிசிக் கஞ்சியில் இஞ்சி எப்போது போடுவது, மீன் சாஸ் எத்தனை சொட்டு என்று சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். அடுப்புக்கு எதிரே ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தேன். நம் கஞ்சியைவிடக் கொஞ்சம் குழைவு, அவ்வளவுதான் வித்தியாசம். பத்தியச் சாப்பாடு என்று நமக்கு ஆயிரம் தெரிந்திருந்தாலும், அந்தச் சமயத்தில் பிள்ளை ஊர்ச் சாப்பாட்டைக் கொடுங்கள். தூரத்தில் தவிக்கும் தாய்க்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

இனி பணம். மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது; ஓ.எஸ்.எச்.சி. என்ற தனி மருத்துவக் காப்பீடு விசா நிபந்தனையாகவே இருக்கிறது. பெல்ஜியம், நார்வே, ஸ்வீடன் நாட்டவருக்கு மட்டும் வேறு ஏற்பாடு. பூபா, மெடிபேங்க், அலையன்ஸ், நிப் என்று சில நிறுவனங்கள் விற்கின்றன. குடும்ப டாக்டரிடம் போனால், அரசு அட்டவணையில் அந்தச் சேவைக்குப் போட்டிருக்கும் தொகை முழுதாகத் திரும்பி வரும். அட்டவணைத் தொகை ஒரு சாதாரண சந்திப்புக்கு நாற்பது டாலரை ஒட்டித்தான். கிளினிக் எண்பது, தொண்ணூறு என்று வாங்கும். நடுவில் உள்ள வித்தியாசம் பிள்ளையின் பாக்கெட்டிலிருந்து போகிறது. ‘பல்க் பில்லிங்’ பலகையைப் பார்த்து இலவசம் என்று நம்பி உள்ளே போகக்கூடாது, அது மெடிகேர் அட்டைக்காரர்களுக்கு. காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக பில் அனுப்பும் கிளினிக்குகள் இருக்கின்றன. பட்டியல் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டால், காய்ச்சலோடு ஊரெல்லாம் ஃபோன் போட வேண்டியதில்லை.

வெளியே ஸ்பெஷலிஸ்ட், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்றால் அட்டவணைத் தொகையில் 85 சதவீதம் வரும். அவசர ஆம்புலன்ஸ் இதில் அடங்கும். இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் இலவசம் இல்லை, ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று கேள்விப்பட்டு மூச்சுத் திணறலோடு டாக்ஸி தேடும் பிள்ளைகள் உண்டு. அட்மிட் ஆகாமல் எமர்ஜென்சியிலிருந்து திரும்பினால் எவ்வளவு கிடைக்கும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், படித்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு உண்டு. மனநலம் சம்பந்தப்பட்டவற்றுக்கு அது இரண்டு மாதம்தான். பல்லும் கண்ணாடியும் இந்தக் காப்பீட்டில் சுத்தமாகக் கிடையாது. வரப்போகும் பிள்ளையின் பெற்றோர் முன்கூட்டியே பேசினால், விமானம் ஏறும் முன் பல் டாக்டரிடம் காட்டி, கண்ணாடி இரண்டு ஜோடி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்துப் பெட்டி விஷயம் பலர் கவனிக்காதது. ஒவ்வொரு பிள்ளையும் பெட்டியில் ஒரு பை நிறைய மருந்து கொண்டு வரும். எல்லாவற்றிலும் சீன, வியட்நாமிய, கொரிய எழுத்து. சீனாவில் எல்லா வீட்டிலும் இருக்கும் சில சளிப் பொடிகள் பார்க்க மூலிகைப் பொடி மாதிரி இருக்கும், வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள். மூலிகையோடு பாராசிட்டமாலும் அதில் கலந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பையன் அதை இரண்டு முறை குடித்துவிட்டு, காய்ச்சல் குறையவில்லை என்று பனடால் கேட்டு வந்தான், அதுவும் பாராசிட்டமால்தான். அந்தக் காலிப் பொட்டலத்தை எடுத்துவரச் சொல்லி, படம் எடுத்து, விஷத் தகவல் மையத்தின் 13 11 26 எண்ணைக் கூப்பிட்டோம். எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று கேட்டு, அடுத்த மாத்திரையை எப்போது போடலாம் என்று சொன்னார்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும், கெடுவது முதல் நாளில் தெரியவே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில், கொண்டு வந்த மருந்துகளை முதல் வாரத்திலேயே பிள்ளையோடு போய் ஃபார்மசிஸ்ட்டிடம் காட்டிவிடுவது வழக்கம்.

நம் கஷாயம், சுக்கு மல்லி, மிளகு ரசம்? ரசம் சாப்பாடு, தாராளமாக ஊற்றுங்கள். நிலவேம்பும் ஓமத் தண்ணீரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். எந்த மருந்தோடு எது சேரும் என்று நமக்குத் தெரியாது, அந்தப் பெற்றோர் சம்மதிக்கவும் இல்லை.

மெல்போர்னுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 21 அன்று நல்ல வெயில், சாயங்காலம் இடியோடு காற்று. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் இடிமழை ஈரத்தில் வெடித்துப் பொடிப்பொடியாகி, நுரையீரலின் அடி வரை போனதுதான் காரணம். அதுவரை ஆஸ்துமா என்றே அறியாதவர்களும், வசந்தத்தில் தும்மல் மட்டும் இருந்தவர்களும் அதில் நிறையப் பேர். இந்திய, இலங்கை, தென்கிழக்காசிய வழி வந்தவர்கள் அளவுக்கு மீறிப் பாதிக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகளும், நம் வீட்டில் தங்கும் பிள்ளைகளும் அதே கூட்டம்தான்.

ஆசியாவிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதல் வசந்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில வருடம் இந்தப் புல்லோடு வாழ்ந்த பிறகு பலருக்கு அக்டோபரில் கண் அரிப்பும் மூக்கொழுகலும் ஆரம்பிக்கும். பிள்ளை அதைச் சளி என்று நினைக்கும், நாமும் நினைப்போம். கண் அரித்தால் அதைச் சளி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாநில அரசின் அவசர எச்சரிக்கை ஆப்பான விக்எமர்ஜென்சியில் இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை வரும். சிவப்பு என்றால், இடி வருவதற்கு முன் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு ஜன்னலைச் சாத்த வேண்டும். சல்பியூட்டமால் என்ற நீல நிற பஃபர் (இன்ஹேலர்) இங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே ஃபார்மசிஸ்ட்டிடம் வாங்கலாம். எங்கள் வீட்டில் சமையலறை அலமாரியில் ஒரு பஃபரும், அதில் மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பேசரும் எப்போதும் இருக்கும். முதலுதவி இதுதான்: நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு அழுத்தல், நான்கு மூச்சு, அப்படியே நான்கு அழுத்தல், நான்கு நிமிடம் பொறுத்து, குறையவில்லை என்றால் மறுபடி நான்கு. அப்போதும் தீராவிட்டால் ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 000. பேச முடியாமல் திணறினால் எதற்கும் காத்திருக்காமல் முதலிலேயே 000-ஐக் கூப்பிட்டுவிட்டு பஃபரைக் கொடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காலி ஸ்பேசரை வைத்துப் பழகினோம். ஜப்பான் பையன் என் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

உடம்புக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். மனதுக்கு வருவது சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் தெரிகிறது. அறையிலேயே சாப்பிடுகிறேன் என்பது, பகலெல்லாம் தூங்குவது, வீட்டாரோடு பேசும் வீடியோ அழைப்பை எடுக்காமலே விடுவது, இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் பள்ளியின் கவுன்சலரிடம் பேசுங்கள், அதற்குக் காசு இல்லை. பிள்ளை தானே பேச கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, இருபத்தைந்து வயது வரை, ராத்திரியும் உண்டு. ஒரு பிள்ளை, “ஒன்று சொல்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்” என்று ஆரம்பித்தால் சத்தியம் பண்ணாதீர்கள். உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியே தீருவேன், மற்றது என்னோடு இருக்கும் என்று முதலிலேயே சொல்லுங்கள். எங்களிடம் அப்படிக் கேட்ட பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றே பள்ளிக்குத் தெரிவித்தோம், பெற்றோரிடம் பள்ளி பேசியது. அவள் எங்களிடம் கோபிக்கவில்லை.

குளிர்ப்பெட்டி மேல் ஒரு சாதாரண நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, நேரம், காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, யார் சொல்லிக் கொடுத்தது, பள்ளியில் யாரிடம் பேசினோம். பெற்றோர் கேட்கும்போது “இப்போ பரவாயில்லைங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ‘காலை ஆறுக்கு 38.4, பத்து மணிக்கு 37.6, இரண்டு இட்லி சாப்பிட்டான்’ என்று செய்தி அனுப்ப முடியும். அவர்கள் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்தாலும் எண் மாறாது. உடம்பு சரியில்லாத பிள்ளையின் படத்தை மட்டும் நம் வாட்ஸாப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ, நலம்பெற வேண்டுங்கள் என்றுகூடப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, இங்கே போட்ட தடுப்பூசி விவரம், டாக்டர் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, செக்-இன் பெட்டியில் இல்லாமல் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். காகிதம் தொலைந்தால் என்ன செய்வது என்று அந்த ஹனோய்ப் பெண் கேட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துத் தனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளச் சொன்னேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரிலேயே செய்து முடித்தாள்.